நாலடிக்குள் முதலைக் காணோம்

ஒரு காட்டில் ஒரு வௌவால் இருந்தது. புத்திசாலி வௌவால் என்று ஆரம்பிக்கத்தான் எனக்கு ஆசை. பழைய கதைகளில் நரிக்குத் தந்திரம், முயலுக்குப் புத்தி, சிங்கத்துக்குக் கோபம் என்று ஆளுக்கொன்று பங்கு பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஆனால் இந்தக் கதையில் வரும் வௌவால் நான்தான். என்னை நானே புத்திசாலி என்று சொல்லிக்கொண்டால் கடைசியில் நீங்கள் சிரிப்பீர்கள். அதைவிட இப்போதே சிரித்துவிடுங்கள், எனக்கும் கூச்சம் விட்டுப்போகும்.

என் பெயர் தொங்கமுத்து. காட்டில் எல்லோரும் எஞ்சினியர் என்று கூப்பிடுவார்கள். நான் ஒரு பரீட்சையும் எழுதியவன் இல்லை. அது எப்படி வந்த பட்டம் என்று சொல்கிறேன்.

காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. எல்லோரும் தண்ணீர் குடிக்க இறங்கும் இடத்துக்குக் கல்துறை என்று பெயர். நாலு பாறைப் படி, மேலே ஒரு நாவல் மரம், அவ்வளவுதான் துறை. அந்த ஆற்றில் மடுவரசு என்று ஒரு முதலை. நன்றாகப் படித்தவர். ஒரு காலத்தில் ஆற்றில் குளிக்க வந்த தமிழாசிரியர் ஒருவரின் பையை விழுங்கிவிட்டார். ஆசிரியர் தப்பிவிட்டார், பைக்குள் இருந்த இலக்கணப் புத்தகம் தப்பவில்லை. அன்றிலிருந்து மடுவரசு ஒரு பிழை கூட இல்லாமல் பேசுவார், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அப்போது எனக்கு ஒரு வேலை இருந்தது. சாயங்காலமானால் நாவல் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கீச்சிடுவேன். எங்கள் கீச்சு உங்கள் காதில் விழாது, அவ்வளவு உச்சத்தில் இருக்கும். அது போய் எதன்மேலாவது பட்டுத் திரும்பி வரும். வருகிற நேரத்தை வைத்து எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். மடுவரசு பத்தடிக்குள் வந்தால் போதும், சிறகைப் படபடவென்று அடிப்பேன், குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கரையேறிவிடுவார்கள். ஏழு வருஷத்தில் ஒரு உயிர் போனதில்லை.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டிக்கு நான் ஒன்றுவிட்ட தம்பி. தினமும் தொண்டை கிழியக் கத்தி என்ன பிழைப்பு, நாலு எழுத்துப் படித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. காட்டை ஒட்டிய ஊரில் ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் லேப் உத்தரத்தில் ஒரு செமஸ்டர் முழுக்கத் தொங்கினேன். வாத்தியார் கரும்பலகையில் எழுதியதையெல்லாம் பார்த்தேன். தலைகீழாகத் தொங்கியபடி பார்த்ததால் பாடமும் தலைகீழாகவே மண்டையில் ஏறியது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் அங்கே தொங்கிக்கொண்டிருந்த சித்திரை மாதத்தில்தான் மருதாயியின் புருஷனை மடுவரசு இழுத்துக்கொண்டு போனார். மருதாயி ஒரு கடமான். வயிற்றில் குட்டியோடு இருந்தாள். நான் ஊர் திரும்பியபோது அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "வந்துட்டியாண்ணே" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான் கருவி செய்தேன் என்று சொல்லலாம். பாதி அது உண்மை. மீதி பாதி, நாலு பேர் என்னை எஞ்சினியர் என்று சொல்ல வேண்டும் என்ற அரிப்பு.

சுற்றுலா வந்த ஒரு காரை யானை ஒன்று செல்லமாகத் தட்டியதில் அதன் பின்பக்க பம்பர் கழன்று விழுந்து கிடந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது கீங் கீங் என்று கத்துமே, அந்தப் பொட்டு அதில் இருந்தது. டிரான்ஸ்டியூசர் என்று பெயர். ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து, என்னைப் போலவே யாருக்கும் கேட்காமல் கீச்சிடும். கீச்சிட்டு முடித்ததும் அதுவே காதாகி, திரும்பி வரும் சத்தத்தைக் கேட்கும். வாயும் அதுதான், காதும் அதுதான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

கடைசிப் படியில் ஒரு கம்பம் நட்டு, ஆற்றைப் பார்த்தபடி அதைப் பொருத்தினேன். குடிக்கிறவர்கள் கம்பத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்று குடிப்பார்கள், அவர்கள்மேல் கீச்சு படாது. ஒன்பது வோல்ட் பேட்டரி. பன்னிரண்டு அடிக்குள் மடுவரசின் முதுகு தெரிந்தால் சிவப்பு விளக்கு எரிந்து, கீங் என்று மணி அடிக்கும். அடித்தது. எல்லோரும் கரையேறினார்கள். மடுவரசு வெறும் வயிற்றோடு திரும்பிப் போனார். நான் கிளையில் கால்மேல் கால் போட்டுத் தொங்கினேன். அன்றைக்குத்தான் எஞ்சினியர் பட்டம் வந்தது.

மான்களுக்குத் தண்ணீர் குடிப்பதில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மடக்கு, ஒரு பார்வை. ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்க்கும், அப்புறம்தான் அடுத்த மடக்கு. கருவி வந்த பிறகு மருதாயி மெல்ல மெல்ல அதை விட்டுவிட்டாள். குட்டி பிறந்திருந்தது, புதருக்குள் தனியாகக் கிடந்தது. சீக்கிரம் வயிறு நிறையக் குடித்துவிட்டு ஓடினால்தான் பால் கொடுக்க முடியும். குனிந்த தலை நிமிராமல் ஒரே மூச்சில் குடித்தாள். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன்.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஆனால் எங்கள் காட்டில் துறைகளைக் கவனிக்க ஒரு துறை இருக்கிறது. நீர்த்துறைத் துறை என்று முழுப் பெயர். சொல்லும்போது நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் துறைத் துறை என்போம். அங்கே இருந்து ஓர் ஓலை வந்தது. இருபது அடி வரை எச்சரிக்கும் கருவி இல்லாத துறைகளை எல்லாம் வருகிற அமாவாசைக்குள் முள்வேலி போட்டு மூடிவிடுவார்களாம். கல்துறையில் இருப்பது பன்னிரண்டு அடிதான்.

அன்று சாயங்காலமே மருதாயி நாவல் மரத்தடிக்கு வந்தாள். கல்துறையை விட்டால் அடுத்த தண்ணீர் உப்போடையில்தான். போக அரை நாள், வர அரை நாள். குட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, விட்டுவிட்டுப் போனால் நரியும் செந்நாயும் சும்மா விடாது.

"துறையை மூடிட்டாங்கன்னா எனக்குப் பால் வத்திப் போயிரும்ணே," என்றாள். "நீதான் ஏதாச்சும் பண்ணணும்."

நான் சிறகை விரித்து, எட்டு அடியைக் கூட்டுவது எனக்கு ஒரு பொருட்டா என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தேன். ஒன்பது வோல்ட்டுக்குப் பன்னிரண்டு அடி என்றால் பதினெட்டு வோல்ட்டுக்கு இருபத்துநாலு அடி, கழுத்தை நெரிக்கும் கணக்கொன்றும் இல்லை என்று சொன்னேன். மருதாயி ஒன்று கேட்டாள்.

"கத்துறதைக் கூட்டுறதுக்குப் பதிலா, கேக்குறதைக் கூட்ட முடியாதாண்ணே? அது கொஞ்சம் கவனமாக் கேட்டா ஆகாதா?"

பாலிடெக்னிக்கில் வாத்தியார் ஒரு வாரம் முழுக்க நடத்திய பாடத்தை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். கீச்சுக்கு ஒன்று, கேட்பதற்குத் தனியாக ஒன்று என்று வைத்து, கேட்கும் பக்கத்தைக் கூர்மையாக்கினால் போதும். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் பொறுமையாகக் கேட்கும் கருவியைக் காட்டி யாரிடம் பீற்றிக்கொள்வது? வோல்ட் என்றால்தானே ஒரு மரியாதை? அதெல்லாம் உனக்குப் புரியாது தங்கச்சி, நீ போய்க் குட்டியைப் பாரு என்று அனுப்பிவிட்டேன்.

பதினெட்டு வோல்ட் கொடுத்தேன். இருபத்துநாலு வரவில்லை, பதினாலரை அடி வந்தது. கீச்சு போகும்போதும் காற்று தின்கிறது, திரும்பும்போதும் தின்கிறது, மிச்சம் மீதி வந்தால்தான் நமக்கு. முப்பது வோல்ட் கொடுத்தேன், பதினாறடி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காட்டோரத்தில் யானைக்குப் போட்டிருந்த சோலார் வேலியிலிருந்து ஒரு குரங்கு பேட்டரியைச் சோலார் தகட்டோடு கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தது. பழைய ரேடியோ ஒன்றின் டிரான்ஸ்ஃபார்மரை அதோடு சேர்த்துத் தொண்ணூறு வோல்ட்டுக்கு ஏற்றினேன். பொட்டுக்கு எவ்வளவு தாங்கும் என்று பம்பரில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. சின்ன எழுத்தையெல்லாம் எஞ்சினியர்கள் படிப்பதில்லை.

இருபது அடி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. எதிரே ஒன்றுமே இல்லாதபோதும் மணி நிற்காமல் அடித்தது. விளக்கு அணையவே இல்லை. ஆற்றில் ஒரு தவளை கூட இல்லை, ஆனால் பத்து முதலை வந்த மாதிரி கீங் கீங் கீங். குடிக்க வந்த கூட்டம் அலறியடித்து ஓடி, ஒரு முள்ளம்பன்றி இன்னொரு முள்ளம்பன்றிமேல் மோதி, அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

காரணம் சின்னது. கோயில் மணியை ஓங்கி அடித்தால் கையை எடுத்த பிறகும் ரீங்காரம் அடங்க நேரமாகும். தொண்ணூறு வோல்ட்டில் அடி வாங்கிய பொட்டும் அப்படித்தான், கத்தி முடித்த பிறகும் நடுங்கிக்கொண்டே இருந்தது. காதும் அதுதான் அல்லவா? தன் நடுக்கத்தையே எதிரொலி என்று நினைத்து, இதோ முதலை இதோ முதலை என்று பயந்து செத்தது.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு, அதையும் நான்தான் செய்தேன். ரீங்காரம் அடங்கும் வரை காதைப் பொத்திக்கொள் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். பொத்திக்கொண்டது. மணி நின்றது. ஆனால் காதைப் பொத்தியிருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பக்கத்திலிருந்து வரும் எதிரொலி வந்து போய்விடும், அது கேட்காது. ஒரு கட்டையை மிதக்கவிட்டு அளந்து பார்த்தேன். முன்பு அரை அடிக்குள்தான் கேட்காமல் இருந்தது, இப்போது நாலடி. தூரத்தில் எட்டு அடி சேர்த்தேன், பக்கத்தில் மூன்றரை அடியை இழந்தேன். லாபம்தான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு சின்னச் சங்கடம். அந்தத் தொண்ணூறு வோல்ட் கீச்சு மற்றவர்களுக்கு லேசாகக் காது கூசும், அவ்வளவுதான். எனக்கு அது மண்டைக்குள் ஆணி அடித்தது. எனவே இலவம்பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். பரம்பரை பரம்பரையாகக் காதால் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன், ஊருக்கே காது செய்து கொடுத்துவிட்டு என் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

சான்றிதழ் வாங்கத் துறைத் துறைக்குப் போனேன். வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்ற ஆமை போன வருஷ மனுவோடு நின்றது, இந்த வருஷ மனுவுக்கு வேறு வரிசை என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. என் முறை வந்தது. குமாஸ்தா நரி தணிகாசலம் படிவத்தை நீட்டினார். நானாவது நேர்மையான ஆள் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், நாலடி விஷயத்தை எழுதிவிடத்தான் நினைத்தேன். பழைய படிவத்தில் 'இத்தனை அடி முதல், இத்தனை அடி வரை' என்று இரண்டு கட்டம் இருக்கும். நாலடி முதல், இருபதடி வரை என்று எழுதினால் கதை முடிந்தது. புதுப் படிவத்தில் 'வரை' மட்டும்தான் இருந்தது.

'முதல்' எங்கே என்று கேட்டேன். தணிகாசலம் சொல்வது காதில் விழ ஒரு பக்கத்துப் பஞ்சை எடுக்க வேண்டியிருந்தது.

"அது போன வருஷமே எடுத்தாச்சு. சீல் வைக்க இடம் பத்தலை," என்றார். "இல்லாத கட்டத்தை நிரப்ப ஏன் துடிக்கிறே?"

நாலடிக்குள் கேட்காது என்பதை எங்கேயாவது எழுதியே ஆக வேண்டும் என்று நான் நச்சரித்தேன். அவர் சலித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். துறையில் ஒரு அறிவிப்புப் பலகை வைத்துக்கொள்ளலாம். ஒரே வரி. 'கேட்காது', 'ஆகாது' மாதிரி சான்றிதழைக் குறை சொல்லும் வார்த்தை வரக்கூடாது. அலுவலகச் சொற்களாக இருக்க வேண்டும். பிறகு அவரே கல்துறைக்கு வந்து இருபதடியில் ஒரு கட்டையை மிதக்கவிட்டார், மணி அடித்தது, பாதத்தை மையில் தோய்த்துச் சீல் வைத்தார். நாலடியில் கட்டையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்று நடையைக் கட்டினார்.

அமாவாசைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. துறை மூடப்படாது என்று கேட்டதும் மருதாயி நாவல் மரத்தில் நெற்றியைத் தேய்த்தாள். கடமான்கள் கும்பிடுவது அப்படித்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அன்றே பலகை எழுதினேன். நாலடிக்குள் கருவிக்குச் செவிடு என்று குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருக்கலாம். ஆனால் அலுவலகச் சொல் வேண்டும், எனக்கும் செந்தமிழில் எழுதும் ஆசை உண்டு. நாலடிக்குள் கருவியின் எல்லை தொடங்குவதில்லை, அதாவது முதல் இல்லை. முதலைத் தேடினால் கிடைக்காது. ஆகவே இப்படி எழுதினேன்:

வரை இருபதடி. நாலடிக்குள் முதலைக் காணோம்.

எழுதிவிட்டு இரண்டடி பின்னால் பறந்து போய் ரசித்தேன். 'க்' கூட விடாமல் போட்டிருந்தேன்.

காடு முழுக்க வந்து பலகையைப் படித்தது. நாலடிக்குள் முதலை காணோம் என்று படித்தது. முதலையே இல்லையாம், பலகை போட்டுவிட்டார்கள், சீல் வேறு வைத்திருக்கிறார்கள் என்று முயல்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்து கடைசிப் படியில் கால் நனைத்தன. எனக்குக் காதில் பஞ்சு. எல்லோரும் என்னைப் பார்த்து வாயசைத்தார்கள், சிரித்தார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்ததற்கு நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

அந்தப் பலகையைச் சரியாகப் படித்த ஒரே ஆள் மடுவரசுதான். ஒரு உச்சிவெயிலில் தண்ணீருக்கு மேல் கண்ணை மட்டும் தூக்கிப் படித்து, தனக்குள் இப்படிக் கணக்குப் போட்டாராம்: 'காணோம்' என்பதற்கு முன்னால் ஒற்று மிகுந்திருக்கிறது, ஆகவே இது இரண்டாம் வேற்றுமை. காணாமல் போனது நானாக இருந்தால் 'முதலையைக் காணோம்' என்றுதான் வர வேண்டும். அப்படி வரவில்லை. ஆகவே காணாமல் போனது முதல். நாலடிக்குள் இந்தக் கருவிக்கு ஆரம்பமே இல்லை, அதாவது ஒன்றும் தெரியாது. இலக்கணம் படித்தவனுக்குச் சாப்பாடு கிடைக்காது என்று எவன் சொன்னது?

பகலில் சோலார் பேட்டரி ஏறட்டும் என்று கருவியை அணைத்து வைப்பது என் வழக்கம். சாயங்காலம்தான் போடுவேன். அமாவாசைக்கு முந்தின நாள் நடுப்பகலில், கருவி தூங்கும்போது, மடுவரசு சாவகாசமாக வந்து கடைசிப் படிக்குக் கீழே பாசியோடு பாசியாகப் படுத்துக்கொண்டார். கம்பத்திலிருந்து இரண்டரை அடி.

சாயங்காலம் கருவியைப் போட்டேன். இருபதடி வரை துல்லியம். ஆறு கண்ணாடி மாதிரி இருந்தது, விளக்கு எரியவில்லை. அன்றைக்கு முதலில் வந்தது மருதாயி. குட்டி காலையிலிருந்து பாலுக்கு முட்டிக்கொண்டே இருந்ததாம், மடி காய்ந்துவிட்டது. இரண்டாம் படியில் நின்று மூக்கை உறிஞ்சினாள். மேலே என்னைப் பார்த்து வாயசைத்தாள். கருவியைப் புகழ்கிறாள் என்று நினைத்தேன், அடக்கமாகத் தலையாட்டினேன். அவள் மறுபடி வாயசைத்தாள். மறுபடி தலையாட்டினேன். மூன்றாம் தடவையும் அதே. பெண்பிள்ளைக்குத்தான் எவ்வளவு நன்றி என்று எனக்குக் கண்ணில் நீர்கூட வந்தது.

அவள் கடைசிப் படிக்கு இறங்கினாள். தலையைக் குனிந்து ஒரே மூச்சில் குடிக்க ஆரம்பித்தாள். பாசி மெல்ல விலகியதை நான் பார்க்கவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பொட்டு வெடித்தது. சின்ன எழுத்தில் எழுதியிருந்தது முப்பது வோல்ட், நான் கொடுத்தது தொண்ணூறு, எட்டு நாளாகத் தாங்கியதே அதன் பெருந்தன்மை. டப் என்று ஒரு சத்தம். பஞ்சையும் மீறி எனக்குக் கேட்டது. மருதாயி வெடுக்கென்று தலையைத் தூக்கினாள். அவள் கழுத்து இருந்த இடத்தில் மடுவரசின் வாய் மூடியது. கழுத்து அகப்படவில்லை, இடது காதில் பாதி அகப்பட்டது. மீதி வாய்க்கு என் கம்பம்.

அவள் ஒரே தாவில் மேல் படிக்கு வந்து, நாவல் மரத்தடியில் நின்றாள். காதிலிருந்து ரத்தம் சொட்டியது. நான் இரண்டு காதுப் பஞ்சையும் பிடுங்கி எறிந்துவிட்டுக் கீழே இறங்கினேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"கவிச்சி அடிக்குதே, இறங்கலாமாண்ணேன்னு மூணு தடவை கேட்டேன்," என்றாள். "மூணு தடவையும் நீ தலையாட்டினே."

இருபதடி தூரத்தில் ஒரு சுள்ளி மிதந்தால் சொல்லிவிடும் கருவி செய்தவன், நாலடியில் நின்றவள் கேட்ட கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் இதைக் கதை என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மறுநாள் தணிகாசலம் விசாரணைக்கு வந்தார். சம்பவம் நடந்த இடத்தை அளந்தார், இரண்டரை அடி. படிவத்தில் இரண்டரை அடிக்கு இடமில்லை, ஆகவே சம்பவத்துக்கும் இடமில்லை என்று அறிக்கை எழுதினார். கருவி இருபதடி வரை பழுதில்லாமல் வேலை செய்தது, நடுவில் வெடித்தது தனி விஷயம், அதற்குத் தனிப் படிவம். எனக்கு ஒரு பாராட்டிதழும் கொடுத்தார்கள்.

நான் விடவில்லை. 'முதல்' கட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அந்த நாலடியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போட வேண்டும் என்று மனுமேல் மனுவாகக் கொடுத்தேன். கடைசி மனுவில், பழைய புத்தி போகாமல், 'முதலைக் கவனிக்க ஆள் தேவை' என்று எழுதித் தொலைத்தேன். துறை ஏற்றுக்கொண்டது. புதுப் பதவி அறிவித்தார்கள். எழுத்துத் தேர்வில் ஒரே கேள்வி: கல்துறைப் பலகையில் உள்ள வாசகத்தை விளக்குக. முயல்கள் எழுதின, முள்ளம்பன்றிகள் எழுதின, நானே எழுதினேன், எனக்குப் பாதி மார்க். முழு மார்க் வாங்கியது ஒரே ஒருவர். வேற்றுமை, ஒற்று எல்லாம் போட்டு மடுவரசு எழுதிய விடையைத் துறைத் துறை வாசலில் ஒட்டியிருக்கிறார்கள், கண்ணீர் வரும், அவ்வளவு அழகு.

அவர்தான் இப்போது கல்துறையில் நாலடிக்குள் பொறுப்பு. ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. புதுக் கருவி வந்துவிட்டது, நூற்றிருபது வோல்ட். துறையில் முதலும் இருக்கிறது, வரையும் இருக்கிறது, சீல் வைத்த சான்றிதழ் நாவல் மரத்தில் தொங்குகிறது. தண்ணீர் குடிக்கத்தான் யாரும் வருவதில்லை, அதைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மருதாயி முப்பது தப்படி தள்ளி ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறாள். பாறை இடுக்கில் கசிகிற தண்ணீர், கணுக்கால் ஆழம், அதில் மடுவரசால் ஒளிந்துகொள்ள முடியாது. குடிக்க நேரமாகும். ஒரு மடக்கு, ஒரு பார்வை. அவளுக்கு மேலே ஒரு கிளையில் நான் பஞ்சில்லாமல் தொங்குகிறேன், பழையபடி என் தொண்டையால் கீச்சிடுகிறேன். பத்தடிதான். குட்டிக்கு இப்போது முளைக்கொம்பு வந்துவிட்டது.

அவள் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் இறங்கலாமா என்று என்னிடம் கேட்பதில்லை. நானாக, ஒன்றும் இல்லை தங்கச்சி, குடி என்று சொன்னாலும், அந்தப் பாதிக் காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டு, இன்னொரு தடவை தானே சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.

கதை என்றால் கீழே நீதி இருக்க வேண்டுமாம். போன தடவை நான் எழுதிய ஒற்றை வரியில் பாதிக் காது போயிற்று. அதனால் இந்தத் தடவை ஒற்று மிகாத இடமாகப் பார்த்து எழுதியிருக்கிறேன். எப்படிப் படித்தாலும் சரியாக வரும்.

நீதி: எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலை மறக்காதே. நீ மறந்தாலும் அது உன்னை மறக்காது.